அடுக்களை காணலுக்குப் போகாதவன்

நான் முதன்முதலாக விமானம் ஏறிய அன்று என்னை வழியனுப்ப ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே என் மனைவி, "இன்னும் அத விடல்லியா நீங்க?" என்று எழுந்து போய்விடுவாள். விடவில்லை. விடுகிற எண்ணமும் எனக்கில்லை.

எங்கள் பக்கத்தில், பாறசாலையில் தொடங்கி வெள்ளறடை வரை எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஒருவன் விமானம் ஏறுவது அவன் ஒருவனுடைய காரியமில்லை. தொண்ணூறுகளில் தெருவுக்கு நாலு பேராவது கல்ஃபில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் லீவு முடிந்து திரும்புகிறான் என்றால் முந்தின நாளே ஜீப்புக்குச் சொல்லிவைப்பார்கள். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினைந்து பேர் ஏறுவார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்று எல்லோரும் அழுவார்கள். அழுது முடித்ததும் சங்குமுகம் கடற்கரையில் கடலை வாங்கித் தின்று, சாயா குடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். போனவன் அப்போது கடலுக்கு மேலே எங்கேயோ இருப்பான்.

என் சகலைக்கும் அப்படித்தான் நடந்தது. என் மனைவிக்கு நேர் இளையவளைக் கட்டியவன் அவன். சார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவனை வழியனுப்பப் போன ஜீப்பில் நான் டிரைவருக்குப் பக்கத்தில், கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, மடியில் அவனுக்கான பலாச்சக்கை வற்றல் டின்னைச் சுமந்துகொண்டு போனேன். அவன் பின்னால் பெண்களுக்கு நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். மாமி, அதாவது எங்கள் இருவருக்கும் மாமியார், வழி முழுக்க அவன் கையை விடவே இல்லை. என் கையை மாமி ஒருநாளும் பிடித்ததில்லை. பிடிக்க என்ன அவசியம், நான் தினமும் கண்ணெதிரே கிடக்கிறவன். வேலிக்கு உள்ளே போனபின் அவன் திரும்பி நின்று கையை ஆட்டினான். இங்கே அத்தனை கைகளும் ஆடின. என் கையும் ஆடியது. வயிறு எரிந்தது.

அவன் சம்பாதிக்கிறான் என்பதற்காக எரியவில்லை. அவன் கொண்டுவந்த டார்ச் லைட்டிலும் சென்ட்டிலும் எனக்கும் பங்கு வந்தது. எரிந்ததெல்லாம் அவன் போன பிறகுதான். வீட்டில் எந்நேரமும் அவன் பேச்சு. "சின்னவரு இப்ப என்னத்தத் தின்னுதாரோ" என்று மாமி பெருமூச்சு விடுவாள். எதிரே நான் தின்றுகொண்டிருப்பேன். இல்லாதவனுக்கு இருக்கிற மதிப்பு இருக்கிறவனுக்கு இல்லை.

ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது. குன்னத்துகாலில் இருந்த மனைவி வீட்டில் மூன்றும் பெண்கள். ஆண் பிள்ளை கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் பெரிய மருமகன் என்பது ஒரு பதவி. மாமாவுக்கு ரப்பரும் மரச்சீனிக் கிழங்குமாகக் கொஞ்சம் நிலம் உண்டு, பேச்சுதான் கம்மி. எந்த விசேஷம் வந்தாலும் "பெரியவருட்ட கேளு" என்று ஒதுங்கிவிடுவார். பந்தல்காரன் என்னைத் தேடித்தான் வருவான். சமையல்காரர் உப்புப் பார்க்க என் உள்ளங்கையில்தான் ஊற்றுவார். பந்தியில் முதல் இலை எனக்கு. நான் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். சகலை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பறக்கட்டும், அந்த இலையில் அவன் உட்கார முடியாது. இதை நினைத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

இந்த நிலையில் கடைசிப் பெண்ணின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு குளத்தூரில். கல்யாணத்துக்காக மூன்று வருடத்துக்குப் பிறகு சகலை லீவில் வந்தான். வந்த நாளிலிருந்து அவன் பின்னாலேயே ஒரு கூட்டம் அலைந்தது. கல்யாணத்தன்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளிக்கும் பந்தலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் நின்று எடுக்க வேண்டும் என்று வீடியோக்காரனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். போகட்டும் என்று விட்டேன். என்னுடைய நாள் இனிமேல்தான் வர இருந்தது.

அடுக்களை காணல் என்பது எங்கள் பக்கத்துச் சடங்கு. கல்யாணம் முடிந்து சில நாளில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கள் பெண் இனிமேல் புழங்கப்போகிற அடுக்களையைக் கண்டு வருவார்கள். பாத்திரம் பண்டம், அலமாரி, வாழைக்குலை, பலகாரம் எல்லாம் டெம்போவில் போகும். பெண்கள் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பார்கள், புகை எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பார்கள், கிணறு எத்தனை தூரம் என்று கண்ணாலேயே அளப்பார்கள். வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள். ஆண்களுக்கு விருந்து. பெண்ணுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவன்தான் முன்னால் நடப்பான், முதலில் படியேறுவான், முதல் இலையில் உட்காருவான். இல்லாத வீட்டில் மூத்த மருமகன். அந்த ஒரு நாள், சம்பந்திகள் எல்லோரும் பார்க்க, அவன் அந்த வீட்டு மகன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை அடுக்களை காணல் என்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமைக்கென்றே நான் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி கூப்பிட்டார். அப்போது நான் வெள்ளறடையில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் மேனேஜர். மேனேஜர் என்பது சும்மா பெயருக்கு. ரப்பர் ஷீட் வாங்குவது, தரம் பிரிப்பது, லாரியில் ஏற்றிவிடுவது எல்லாம் நான்தான். டெல்லியில் ஒரு செருப்புக் கம்பெனிக்கு ஒரு லாரி ஷீட் அனுப்பியிருந்தோம். வழியில் எங்கேயோ தார்ப்பாய் கிழிந்து மழை உள்ளே புகுந்துவிட்டது. நனைந்த ஷீட்டில் பூசணம் பிடிக்கும். கம்பெனிக்காரன் மேலே கிடந்த நாலு ஷீட்டைப் பார்த்துவிட்டு, லோடே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். லாரி அவன் வாசலில் நிற்கிறது. நாள் போகப் போகப் பூசணம் அடியில் உள்ள ஷீட்டுக்கும் இறங்கும்.

"நாளைக்கி காலைல பிளேன் உண்டு. டிக்கெட் எடுத்தாச்சு," என்றார் முதலாளி.

"ஆருக்கு?"

"ஒனக்குத்தாம்லே. இங்க வேற ஆருக்கு இந்தி அறியும்?"

படிக்கிற காலத்தில் வேறு வேலை இல்லாமல் இந்திப் பரீட்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தொலைத்திருந்தேன். அது இத்தனை வருடம் கழித்து என் காலை வாரும் என்று யார் கண்டது?

"வியாழக்கிழம அடுக்களை காண போவணும் மொதலாளி. அந்த வீட்டுல நானாக்கும் மூத்த மருமோன்."

"அடுக்களைய பெண்ணுங்க காணட்டும். நீ போயி ஷீட்ட காணு."

"ரயிலுல போனா போராதா?" ரயிலில் போனாலும் வியாழக்கிழமை கைவிட்டுத்தான் போகும். ஆனாலும் ஏதாவது சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"நீ ரயிலுல போயி எறங்கும்பம் ஷீட்டுல காளான் மொளச்சிருக்கும்," என்றவர், நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "வரும்பம் ரயிலுல வா. வாறதுக்கு என்ன அவசரம்?"

எத்தனை வருடம் ஏங்கிய விமானம். அது வந்து வாய்த்த நாளைப் பாருங்கள்.

நேராகக் குன்னத்துகாலுக்குப் போனேன். இரண்டு காரியம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நான் விமானத்தில் போகிறேன் என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். பெரியவர் இல்லாமல் எப்படி என்று அடுக்களை காணலைத் தள்ளி வைப்பார்கள். மாமா கொடியில் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பிளேனிலயா? கொள்ளாமே, நல்லதுதான்," என்றார். கையில் இருந்த ஷீட்டை இழுத்து விரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வியாழக்கிழம?"

எனக்கு மனம் குதித்தது. தள்ளி வைத்துவிடலாம் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே இருந்து மாமியின் குரல் வந்தது.

"அதுக்கென்ன, சின்னவரு உண்டுல்லா."

அவ்வளவுதான். மாமா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஷீட்டை எடுத்தார். இத்தனை வருடம் பந்தல் கட்டி, பந்தி நடத்தி, உப்புப் பார்த்துச் சேர்த்த என் பதவி ஒரு மூச்சில் கைமாறிப் போயிற்று.

மனைவியாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய், "அவிய நாளைக்கி பிளேனில டெல்லிக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வாரம் தள்ளி வைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டேன்.

"சின்னவருக்க லீவு தீர்ந்துரும்லா. அவரு இதுவர ஒரு விசேசத்துக்கும் நின்னதில்ல. பாவம்."

பாவமாம். எனக்கு வந்த கோபத்தில் கேட்க வெட்கப்பட்ட கேள்வியையும் கேட்டுவிட்டேன். "நாளைக்கி எனக்க கூட ஏர்போர்ட்டுக்கு ஆரு வாறா?"

"ஜீப்பு நாளைக்கி நெய்யாற்றின்கரைக்குப் போவுது. பாத்திரம் எடுக்கணும்லா," என்றாள் அவள். ஏன் கேட்கிறேன் என்றுகூட அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் சகலை தன்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், எனக்கு இரவல் தர. சக்கரம் வைத்த பெட்டி. கைப்பிடியில் அவன் போய்வந்த விமானங்களின் சீட்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் இருந்தது ஜிப் போன ரெக்ஸின் பை. அவன் எனக்கு விமானம் ஏறக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தான்.

"அண்ணே, ஜன்னல் பக்கம் சீட்டு வேணும்னு கேட்டு வாங்குங்க. மேல போவும்பம் காது அடைக்கும். முட்டாய் வாயில போட்டுக்கிடுங்க. பெல்ட்டு தா இப்பிடி." என்று ஒரு தோர்த்துத் துண்டை எடுத்து என் இடுப்பைச் சுற்றி முடிந்து காட்டினான். வீட்டுப் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று பார்த்தன. கட்டிப்போட்ட மாடு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அது இருக்கட்டும். வியாழக்கிழம அங்க போயி என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் அறியாது அண்ணே. நீங்க சொல்லித் தாங்க."

சொன்னேன். சொல்லாமல் விட்டால் குளத்தூர்க்காரர்கள் முன்னால் எங்கள் வீட்டுக்குத்தான் கேவலம். வலது காலை வைத்து ஏற வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர்களை முதலில் விசாரிக்க வேண்டும். பாத்திரங்களைப் பெண்கள் கையால்தான் கொடுக்க வேண்டும். விருந்தில் ஏதாவது ஒன்றை இரண்டாம் முறை கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் அடுக்களையைக் குறை சொன்னதாக ஆகிவிடும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் சட்டையை நானே கழற்றி அவனுக்குப் போட்டுவிடுவது போல இருந்தது. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"முதல் எலையில ஆரு இருக்கணும் அண்ணே?"

"நான்தான் இருக்கணும். நான் இல்லியே. நீ இரு," என்றேன்.

அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோர்த்தை மடிக்க ஆரம்பித்தான். சந்தோஷத்தை மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன் பஸ் பிடித்து, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, ஆட்டோவில் விமான நிலையம் போய்ச் சேர்ந்தேன். கம்பிவேலிக்கு வெளியே ஒரு ஜீப் கூட்டம் யாருக்காகவோ அழுதுகொண்டிருந்தது. உள்ளே போகுமுன் வழக்கப்படி திரும்பி நின்றேன். எனக்கென்று யாரும் இல்லை. இருந்தாலும் கையை ஆட்டினேன். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மாள், யாரோ தெரிந்த ஆள் என்று நினைத்திருப்பாள், அழுகையோடு பதிலுக்கு ஆட்டினாள். அந்த அம்மாளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜன்னல் பக்கம் கேட்டேன், தந்தார்கள். விமானம் கிளம்பியதும் கடலுக்கு மேலே போய்விட்டது. எங்கள் ஊர் ரப்பர்க் காட்டை மேலேயிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. ஊர் என் பக்கத்து ஜன்னலில் வரவே இல்லை. அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைத்திருக்கும். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

சகலை என் சட்டைப்பையில் ஒரு பிடி மிட்டாய் போட்டு அனுப்பியிருந்தான். அதைத் தொடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். காது அடைத்துவிட்டது. விமானப் பெண் குனிந்து ஏதோ கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். எனக்குப் பிடிக்காத முட்டைத் தட்டு வந்தது. அதைக் கிளறிக்கொண்டே, இந்நேரம் நெய்யாற்றின்கரையில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வெண்கல உருளியைத் தட்டிப் பார்த்து வாங்க அவனுக்குத் தெரியுமா? கீறல் விட்ட உருளி தட்டினால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அவன் தட்டமாட்டான். விலையை மட்டும் கேட்பான். கேட்டதைக் கொடுப்பான். கடைக்காரன் அவனைச் சார் என்பான். மேகத்துக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு உலகமே விரிந்து கிடந்தது. நான் உருளியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு போனேன்.

பக்கத்து சீட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் ஏறியதும் தூங்கியவர், பம்பாயில் சக்கரம் தரையில் இடித்தபோதுதான் கண் விழித்தார். அவரைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. இப்படித் தூங்க வேண்டுமானால் ஊரில் ஒரு இலையையும் விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது. பம்பாயிலிருந்து இன்னொரு விமானம். அதில் ஜன்னலும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் டெல்லியில் அந்தக் கம்பெனி வாசலில் லாரிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். வேர்த்துக் கொட்டியது. மேலே உள்ள ஷீட்டுகள் மட்டும்தான் வெளுத்துப் பூசணம் பிடித்திருந்தன. நடுவிலிருந்து ஒன்றை உருவி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினேன். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. என் பரீட்சை இந்தியைக் கேட்டு அந்தக் கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தவர்கள் பிறகு சண்டை போடமாட்டார்கள். கெட்டதைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். சாப்பிட ரொட்டியும் முள்ளங்கியும் தந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். குளத்தூரில் இலை போட்டிருப்பார்கள். அவன் வலது காலை வைத்து ஏறியிருப்பான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினானோ இல்லையோ. முள்ளங்கி கசந்தது.

சாயங்காலம் ஒரு போன் பூத்துக்குப் போய், மாமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பரைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் விருந்துக்குப் போய்விட்டார்கள். நான் ஒருவன்தான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். போகும்போது பறந்து கடந்த தூரத்தை வரும்போது ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணினேன். ஜன்னலில் ஓடியது பூராவும் அந்தப் பந்திதான். அவன் உட்காருகிறான், சம்பந்தி உபசரிக்கிறார், மாமா ஓரமாக நின்று பூரிக்கிறார். ஒவ்வொரு முறையும் அவன் இலையில் ஒரு கூட்டான் கறி கூடிக்கொண்டே போயிற்று.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குன்னத்துகாலில் வீட்டுப் படலைத் திறந்து காலை எடுத்து வைத்தேன்.

"அங்கேயே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு மாமி ஓடி வந்தாள். பின்னாலேயே என் மனைவி. மாமியின் கையில் உப்பும் மிளகாயும் கடுகும் இருந்தன. என்னைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, தலையைச் சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் அடுப்பில் கொண்டு போட்டாள். மிளகாய் கமறியது. திரும்பி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முழு ஆளா வந்து சேந்தியளே, மக்கா," என்று அழுதாள்.

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. கடைசியில் என் விமானத்துக்கும் ஒரு மரியாதை கிடைத்தது. "அதுக்கு எதுக்கு மாமி அழுதிய? பிளேனுக்கு ஒண்ணும் ஆவல்ல," என்றேன்.

"பிளேனா?" என்றாள் மாமி. மனைவியைப் பார்த்தாள். மனைவி உள்ளே போய்விட்டாள்.

அடுக்களை காணலின் வீடியோ கேசட் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்திருந்தது. போடச் சொன்னேன். மாமா தயங்கினார். நான் விடவில்லை. டிவியில் குளத்தூர் வீடு வந்தது. சகலை வலது காலை வைத்து ஏறினான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். பெண்கள் அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு பந்தி. முதல் இலையில் அவன் உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தாமல், வாரி வாரித் தின்றுகொண்டிருந்தான். மற்ற இலைகளுக்குப் பின்னால் ஆட்கள் எழுந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை.

"நல்ல பசி போல," என்றேன். என் குரலில் இருந்த விஷம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் மனைவி கதவோரம் நின்று சொன்னாள். சகலை ஆரம்பத்தில் முதல் இலையில் உட்காரவில்லையாம். இரண்டாவதில் உட்கார்ந்துகொண்டு, முதல் இலையில் எல்லாவற்றையும் பரிமாறச் சொல்லியிருக்கிறான். சோறு, பருப்பு, கூட்டான்கள், பப்படம், ஒன்று விடாமல். சம்பந்தி வீட்டார், யாரோ கை கழுவப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து விளம்பிவிட்டார்கள். ஆள் எங்கே என்று கேட்டதற்கு, "அது பெரிய அண்ணனுக்கு உள்ளதாக்கும்" என்றானாம்.

ஆளில்லாத இலையில் சோறு விளம்புவது எங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்களுக்குத்தான். ஆடி வாவு, அதாவது ஆடி அமாவாசை அன்று, கதவைச் சாத்தி, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்போம். இது மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். குளத்தூர்க்காரி ஒருத்தி, "அய்யோ, பிளேனு விழுந்து போச்சா?" என்று அலறியிருக்கிறாள். மாமி சுவரோடு சரிந்திருக்கிறாள். பந்தி மொத்தமும் எழுந்துவிட்டது. இலையை எடுத்துக் கொட்டலாமா? கூடாது. காக்கைக்கு வைக்கலாமா? வைத்தால் நான் செத்தது உறுதி. உயிருள்ள ஒருவன் உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தால்தான் தோஷம் போகும் என்று ஒரு பெரியவர் சொன்னார். எவனுக்குத் தைரியம் வரும்? எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். சகலை தன் இலையை விட்டு எழுந்து போய், அதில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றிருக்கிறான்.

"அதாக்கும் நீங்க கண்டது," என்றாள் மனைவி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் இலையில் உட்கார என்னைச் சாகடிக்க வேண்டுமா? அவன் எங்கே என்று கேட்டேன். கிணற்றடியில் இருந்தான். அன்றிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். முகம் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"எனக்கு அறியாது அண்ணே. சத்தியமா அறியாது," என்றான். "அங்க எங்க ரூமுல நாங்க எட்டுப் பேரு. சமையல் ஆனதும் டூட்டிக்குப் போனவனுக்குத்தான் முதல்ல தட்டுல வெளம்பி மூடி வைப்போம். பெறவுதான் நாங்க தின்னுவோம். எந்நேரம் வந்தாலும் அது அவனுக்க தட்டு. ஆரும் தொடமாட்டோம். நீங்களும் டூட்டிக்குப் போனவருல்லா."

கோபம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் பொறாமை போகவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். நல்லவனாக இருப்பதிலும் இவனே முந்திக்கொண்டானே என்று இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

"நான்தான் ஒன்ன இருக்கச் சொன்னேன்லா. பேசாம முதல் எலையில இருந்து தின்னுட்டு வர வேண்டியதுதான? எனக்கு எதுக்கு எலை?"

அவன் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்க அடுக்களை காணலுக்கு நான் இல்லண்ணே," என்றான். "கல்யாணம் கழிஞ்ச கையோட லீவு தீர்ந்துபோச்சு. நான் போன பெறவுதான் நீங்கெல்லாம் எனக்க வீட்டுக்கு வந்திய. கேசட்டு அனுப்பித் தந்தாங்க. ரூமுல இருந்து பாத்தேன். நீங்க முதல் எலையில இருக்கிய. எனக்க அம்மையாக்கும் வெளம்புதா. எல்லாரும் தின்னு, எலைய மடக்கி, எழும்பிப் போறது வர பாத்துட்டே இருந்தேன். நமக்குன்னு ஒரு எலை எங்கயாவது ஓரத்துல கெடக்கான்னு."

அந்த விருந்து எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் அம்மா செய்த அடைப் பிரதமன் பாயசம் அருமையாக இருந்தது. நான் அதை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.